சிப்பில் விழுந்த சாம்பல்

“இது சும்மா தூசி இல்லக்கா, சாம்பல். லேப் ரிப்போர்ட் இப்பத்தான் வந்துச்சு.”

தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு மேனேஜர் சந்திரகலா தாளை மேசைமேல் வைத்தாள். அதை எடுத்துப் பார்க்கக்கூட இராஜம்மாவுக்குத் தெம்பில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் அந்தச் சிப் தொழிற்சாலையில் மூன்று நாட்களாக இதே விசாரணை, முட்டி வலியோடு இதே நாற்காலி. பக்கத்தில் மூன்றாவது லைனின் புது இன்ஜினியர் கிரிதரன், வேலைத் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டபடி உட்கார்ந்திருந்தான்.

“இந்த சிப்பு இதயத் துடிப்ப எண்றதுக்குன்னே டிசைன் பண்ணினது. வேற எந்த வேலைக்கும் ஆகாது. கெட்டுப்போன பத்தாயிரத்தையும் குப்பையிலதான் கொட்டணும்” என்றாள் சந்திரகலா. “யாரோ திருநீறோட, தூசியே ஆகாத அந்த ரூமுக்குள்ள போயிருக்காங்க. லைன்ல மத்தவங்க எல்லாம் மலாய்க்காரங்க, சாரு பூசி நான் பாத்ததில்ல. திருநீறு பூசுற ஆளு நீங்கதான்.”

“கழுவிட்டுத்தான் மேடம் உள்ள போவேன்.”

பொய்யில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் முகம் கழுவாமல் உள்ளே போனதில்லை. அதை எத்தனை தடவைதான் சொல்வது?

“அப்ப யாரு? இன்னிக்கே பேரு வேணும்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. யாரா இருந்தாலும் வேலை போயிடும்.”

கிரிதரன் நிமிர்ந்தான். அவன் வேலை நிரந்தரமாக இன்னும் ஆறு வாரம் இருந்தது.

“மேடம், ஒரு விஷயம்...”

“நீங்க இருங்க சார்” என்று குறுக்கிட்டாள் இராஜம்மா. “நான்தான் மேடம். போன வாரம் பஸ் லேட்டு. கழுவ நேரமில்ல.”

சந்திரகலா அவளையே பார்த்தாள். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது.

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா. ரிட்டயராக ரெண்டு வருஷம்தானேக்கா இருந்துச்சு.”

இராஜம்மா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அசதி.

பண்டமாரான் போகும் பஸ் நிற்கும் இடத்துக்கு அவள் வந்து சேர்வதற்குள் கிரிதரன் பின்னாலேயே ஓடி வந்துவிட்டான். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“ஏன் அப்படிச் சொன்னீங்க? நான் சொல்லத்தானே வந்தேன்.”

“மெதுவா பேசு. அம்மாவும் மகனும் ஒரே லைன்னு தெரிஞ்சா அதுக்கும் சேத்து உன்னத் தூக்கிடுவாங்க.”

இராஜம்மா அவன் தொப்பியை மேலே தள்ளினாள். இன்றைக்கும் காலையில் தூக்கக் கலக்கத்தோடு கிளம்பியவனை வாசலில் நிறுத்தித் தானே பூசிவிட்ட திருநீற்றைச் சட்டைக் கையால் அழுத்தித் துடைத்தாள்.