கழுத்துவரை

படகின் முன்கதவு தண்ணீரில் விழுந்தது.

எதிரே தீவு. குன்று முழுக்கப் பதுங்குகுழிகள். உள்ளிருந்து ஜப்பான்காரர்களின் துப்பாக்கிகள் கடலை நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்தன.

அவன் கண் தண்ணீரிலேயே இருந்தது.

லீவு முடிந்து கிளம்பிய அன்று, திருநெல்வேலி ரயிலடியில் வடிவு அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"முடி வெட்டாதிய. கடல்ல எறங்காதிய. பொணம் தூக்காதிய. வயித்துல இருக்க பிள்ளைக்கு ஆவாது."

ஏற்கெனவே இரண்டு தடவை கலைந்த வயிறு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

முகாமுக்குத் திரும்பிய அன்றே முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள்.

இப்போது கடல்.

"எறங்குல மாப்ள," என்றான் பக்கத்தில் நின்ற சவரி. உவரிக்காரன். படகில் ஏறியதிலிருந்து இதே கேலி. "எங்கூர்ல பொண்டாட்டி முழுகாம இருந்தா எவன்ல கடலுக்குப் போவாம கெடக்கான்? நீ சொல்லுத மாதிரின்னா ஊர்ல ஒரு புள்ள பொறந்திருக்காது."

அந்த இடத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சவரிதான் முதலில் குதித்தான்.

தண்ணீர் கழுத்துவரை வந்தது. துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்தபடி இருவரும் நடந்தார்கள்.

மார்பளவுக்கு வந்தபோது சவரி உட்கார்ந்தான்.

களைத்துப்போனவன் உட்காருவது போலத்தான் இருந்தது. பிறகு தண்ணீரின் நிறம் மாறியது.

"நிக்காத! போ, போ!" பின்னாலிருந்து சுபேதார் கத்தினார்.

அவன் குனிந்து சவரியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

பேச ஆரம்பித்தான். கரைவரை பேசிக்கொண்டே போனான். உவரியில் இப்போது என்ன மீன் படும், உன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமைந்ததா, என் பிள்ளைக்கு நீதான் பேர் வைக்க வேண்டும். பதில் வராத இடம் தெரியாதபடி அடுத்ததைக் கேட்டான்.

ஈரத் தலை அவன் முதுகில் இடித்து இடித்து ஆடியது.

பாறை மறைவில், காயம்பட்டவர்களைக் கவனித்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிச் சிப்பாய் சவரியை வாங்கிக் கிடத்தினார். தலை நரைத்த வேலூர்க்காரர். கழுத்தில் விரல் வைத்தார்.

விரல் வெகுநேரம் அங்கேயே இருந்தது.

நிமிர்ந்தார்.

"உசிரு இருக்குல்லாண்ணே?" அவன் முந்திக்கொண்டான். "வீட்ல முழுகாம இருக்கா. உசிரோடதாம்ணே தூக்கியாந்தேன்."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார்.

"இருக்குதுப்பா," என்றார். "உசுரோடதான் கொண்ணாந்த. நீ போ."

கம்பளியை எடுத்து சவரியின் கழுத்துவரை போர்த்தினார். பச்சைக் குழந்தைக்குச் செய்வதுபோல ஓரங்களைச் செருகினார். பிறகு, கழுத்தருகே கம்பளியின் விளிம்பிலிருந்து கையை எடுக்காமல், அவன் போவதற்காகக் காத்திருந்தார்.

அவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டான்.

குன்று வரும்வரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.