பெட்டியின் நிழல்

“பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கோ, சேர்.”

டோரின் கேட்டேவிட்டாள்.

துறைமுகத்தின் கதிர்வீச்சுக் கண்காணிப்பு அறையில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதிகாரி இராஜநாயகம் சொல்லிவைத்திருந்தார். எந்தக் கொள்கலனையும் திறக்கச் சொல்லலாம். தூதரகப் பெட்டியை மட்டும் வாய் திறந்து கேட்கக்கூடாது.

இராஜநாயகம் அவளைப் பார்க்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம், கொடுத்த சோடாவைத் தொடாமல் இருந்த தூதரகத்து மனிதரைப் பார்த்தார்.

அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விளங்கிவிட்டது. புன்னகை அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது.

கண்ணாடிக்கு வெளியே, கதிர்வீச்சை அளக்கும் இரண்டு தூண்களுக்கு நடுவில், லொறி நீளத்துக்குச் சிவப்புப் பெட்டி நின்றது. எங்கிருந்தோ வந்து, கொழும்பில் கப்பல் மாறி, அந்த மனிதரின் நாட்டுக்குப் போகவேண்டிய பெட்டி. உள்ளே அலுவலகத் தளபாடம் என்று எழுதியிருந்தது.

தூண்களில் மணி அடிப்பது புதினமில்லை. டைல்சுக்கு அடிக்கும். பீங்கானுக்கு அடிக்கும். சில நாளில் வாழைப்பழத்துக்கும் அடிக்கும். அப்போதெல்லாம் மஞ்சள் விளக்குத்தான் எரியும். டைல்ஸ் என்று பதிந்து அனுப்பிவிடுவார்கள்.

இன்று காலை எரிந்தது நீல விளக்கு.

நீலம் நியூத்திரனுக்கு. மேசை கதிரையிலிருந்து நியூத்திரன் வராது. அணுகுண்டுக்கு வேண்டிய சாமானிலிருந்து வரும்.

டோரின் நம்பாமல் கைக்கருவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கீழே முற்றத்தில் வேலைசெய்யும் அப்பாவின் சாப்பாட்டுப் பார்சலையும் கையோடு கொண்டுபோனாள். பெட்டியைச் சுற்றி வந்தாள். கருவியும் அதையேதான் சொன்னது.

குண்டு செய்கிற எண்ணமே தங்களுக்கு இல்லை என்று அந்த நாடு வியன்னாவில் அணுசக்தி நிறுவனத்தின் கூட்டத்துக்குக் கூட்டம் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தது. போன மாதம்தான் எங்கள் ஆட்களும் அதை நம்புவதாகக் கை உயர்த்தினார்கள்.

பெட்டியைத் திறந்தால் உயர்த்திய கையை எங்கே கொண்டுபோய் வைப்பது? அறைக்குள் இருந்த கவலை அதுதான்.

தொலைபேசி அடித்தபடி இருந்தது. ஒவ்வொரு முறையும் இராஜநாயகம் எழும்பி நின்று “ஹரி சேர், ஹரி சேர்” என்று சிங்களத்தில் ஆமாம் போட்டார். யாருக்கு என்று சொல்லவில்லை. கடைசியாக வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, பெற்றோல் கியூவில நிண்டது மறந்து போச்சோ? அப்ப எண்ணெய்க் கப்பல் அனுப்பினது ஆர்? இவையள்தான்.”

“அதுக்காக?”

“அதுக்காக டைல்ஸ்.”

“டைல்சுக்கு நீலம் எரியாது, சேர்.”

இராஜநாயகத்துக்கு முகம் கறுத்தது.

“கம்பஸில நாலு வருசம் இருந்திட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கிறீரோ? உம்மட அப்பா இந்த ஹாபரில கப்பலுக்குப் பெட்டி கட்டித்தான் உம்மைப் படிப்பிச்சவர். அந்தச் சோத்தில மண்ணைப் போடாதேயும்.”

“ஓம், கட்டினவர்தான். இந்தப் பெட்டியைக் கட்டுறதும் அவற்ற கேங்தான்.”

சொல்லிவிட்டு அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

வெயில் கொளுத்தியது. அப்பா ஒஸ்வால்டும் அவருடைய ஆட்களும் தூரத்து மதிலோடு, வெறும் கொங்கிறீற்றில், தலையில் துவாயைப் போட்டபடி குந்தியிருந்தார்கள். அந்த முற்றத்தில் நிழல் என்று இருந்தது பெட்டியின் நிழல் ஒன்றுதான். அதில் ஒருவரும் இல்லை. சில சோடிக் கையுறைகள் மட்டும் கிடந்தன.

தூதரகத்து மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கப்பல் பொழுதுபடப் புறப்படுகிறது என்றார். மிக மரியாதையான ஆங்கிலம்.

இராஜநாயகம் குரலை இறக்கினார்.

“டைல்ஸ் எண்டு பதியும். ஏலாதெண்டால் ஐடியை வைச்சிட்டுப் போம்.”

கொட்டாஞ்சேனையில் அவள் இருக்கும் ஒழுங்கைக்கு அவள்தான் முதல் பட்டதாரி. இந்த வேலை கிடைத்த அன்று அம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். அப்பா ஒழுங்கை முழுக்கக் கேக் கொடுத்தார். இன்னும் அந்த வீட்டுக்கு மாதம் முடிய வருகிற நிச்சயமான சம்பளம் அவளுடையதுதான்.

டோரின் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

அதை அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார். இராஜநாயகத்தின் விரல் கொஞ்ச நேரம் விசைப்பலகைக்கு மேலே நின்றது. பிறகு அவரே பதிந்தார். தூண்களில் பச்சை எரிந்தது. தூதரகத்து மனிதர் சோடாவைக் கையில் எடுத்தார்.

பெட்டி அசையவில்லை.

இராஜநாயகம் வோக்கிடோக்கியில் றெயிலர் லொறியைக் கூப்பிட்டார். பதில் இல்லை. திரும்பவும் கூப்பிட்டார். கிறேனைக் கூப்பிட்டார். கரகரவென்ற சத்தம் மட்டும் வந்தது.

எழும்பி ஜன்னலடிக்குப் போனார். வெயிலில் குந்தியிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு நிழலைப் பார்த்தார்.

அவரும் இதே துறைமுகத்தில் கிளார்க்காக வந்து மேலே ஏறியவர்தான். ஒரு கேங் கையுறையைக் கழற்றிப் பெட்டியடியில் வைத்துவிட்டால், அதைத் தாண்டி இன்னொரு கேங் வராது. றெயிலர் வராது. கிறேனும் இறங்காது. அமைச்சரே வந்து நின்றாலும் வராது.

“எப்ப சொன்னனீர்?”

டோரின் கதவடிக்குப் போயிருந்தாள்.

“காலமை. அப்பாவுக்குப் பார்சல் குடுக்கேக்க.”

“அப்ப என்னத்துக்கு இவ்வளவு நேரமும் என்னட்டைக் கேட்டுக்கொண்டு நிண்டனீர்?”

“நீங்கள் ஓம் எண்டு சொல்லுறதுக்கும் ஒரு சந்தர்ப்பம் வேணும்தானே, சேர்.”

என்ன நடக்கிறது என்று தூதரகத்து மனிதர் கேட்டார். இந்த முறை புன்னகை இல்லை.

இராஜநாயகம் பதிலுக்கு ஆங்கிலம் தேடிக்கொண்டிருக்கும்போது, டோரின் படியிறங்கி, பெட்டியின் நிழலைச் சுற்றி விலகி, வெயிலில் குந்தியிருந்தவர்களை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.