ஈயம் உருக்கும் பாடம்

கல்யாணமான கையோடு சீன யுத்தத்துக்குப் போன இசக்கிப்பாண்டி, இப்போதுதான் லீவில் மேலகரம் வந்திருந்தான். வீடு நிறைய ஆட்கள். மனைவி மாரித்தாயோடு தனியே நாலு வார்த்தை பேச வழியில்லை.

ஈயக்குண்டு வார்த்துத் தோட்டா அடைப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. அதைக் கற்றுத்தரும் சாக்கில்தான் பின்கட்டில் அவள் அருகே உட்கார முடிந்தது.

“ஏட்டி, அச்சு சூடாகுததுக்கு முன்ன ஈயத்த ஊத்தாத. பாரு, குண்டு சுருங்கிப் போச்சு.”

“எனக்கு வரவே மாட்டேங்குதே!” என்று சிரிப்பாள். லீவு முடியும்வரை அவள் வார்த்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அவன் பட்டாளத்துக்குக் கிளம்புகிற அன்று புளியறையிலிருந்து மாமனார் வந்தார். பின்கட்டில் கிடந்த அச்சைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

“இவளக் கட்டிக்குடுத்த பொறவு எங்க துப்பாக்கிக்குக் குண்டு வார்க்க ஆளில்ல மாப்ள. சின்னப் புள்ளையில இருந்தே இவ வார்த்தா ஒண்ணுகூடப் பிசகாது.”

இசக்கிப்பாண்டி திரும்பிப் பார்த்தான். மாரித்தாய் கண் கலங்கத் தலைகுனிந்து நின்றாள்.

மாமனார் உள்ளே போனதும் அவள் அருகே வந்தான்.

“அடுத்த லீவுக்கு ஒரு வருசம் ஆவும். அதுக்குள்ள நான் சொல்லித் தந்ததையெல்லாம் மறந்துரு. வந்து மொதல்ல இருந்து சொல்லித் தாரேன்.”