தானாக எரியாத பாகம்

ஜெசிந்தா என் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்த கம்பெனி லேப்டாப், வேலைக்கு நடுவே அணைந்துபோனதாம். மதர்போர்டைக் கழற்றி ஸ்பிரிட் தடவி மின்சாரம் கொடுத்தேன். எந்த இடம் சூடாகி முதலில் காய்கிறதோ அங்கேதான் ஷார்ட். கடுகளவு பாகம் ஒன்றின் மேல் சட்டென்று காய்ந்தது. எது என்று பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

“இது தானா எரியாதும்மா. ஆள வேலைய விட்டுத் தூக்குனா, கம்பெனி அங்க இருந்தே எரிச்சிரும்.”

“போன வாரம்தான் என்னையப் பாராட்டுனாங்க. பெரிய பில்லு போடத்தான இந்தக் கதை?”

“கதைன்னா எடுத்துட்டுப் போங்க.”

அவள் எடுக்கவில்லை. “புதுசு மாட்டுங்க. என் கண்ணு முன்னாடி மாட்டுங்க” என்றாள். நான் ஈயம் உருக்கிப் பற்றவைத்து முடிக்கும்வரை என் விரல்களைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

திரை ஒளிர்ந்தது.

“இப்ப மட்டும் எப்படி வந்துச்சாம்?” என்று நக்கலாகக் கேட்டுவிட்டு, கேமராவுக்கு முகத்தைக் காட்டினாள். தினமும் பெயர் சொல்லி வரவேற்குமாம்.

“வணக்கம், விருந்தினரே” என்றது.

முடியை ஒதுக்கிவிட்டுக் காட்டினாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காட்டினாள். இரண்டு தடவையும் விருந்தினர்தான்.

லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணே, மறுபடியும் அத எரிச்சுக் குடுத்துருங்க. வேற வேலை கெடைக்கிற வரைக்கும் ரிப்பேருன்னு வீட்ல சொல்லிக்கிறேன். சும்மா சொன்னா எங்க வீட்டுக்காரரு நம்ப மாட்டாரு. போட்டுப் பாப்பாரு.”