உதட்டோரம்

"இவர் எதுக்குச் சிரிக்கிறார்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

மேசைமேல் இருந்தது அவருடைய கணவரின் தலை. களிமண்ணில். மனிதர் போய் ஒரு வருடம் ஆகிறது. ஈரத்துணியை விலக்கிக் காட்டிவிட்டுத் தள்ளி நின்றார் சிற்பி. நடுத்தர வயதுப் பெண்மணி. மண் செதுக்குகிற குச்சி ஒன்று கொண்டையில் செருகியபடியே இருந்தது.

"லேசாத்தாங்க. உதட்டோரம் மட்டும்."

"அவர் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல, மேடம். எடுத்துடுங்க."

மேடம் என்ற சொல்லையே அந்த அம்மாள் ஒரு முழம் தள்ளி நின்று சொல்வது போலத்தான் சொல்வார். முதல் நாளிலிருந்தே அப்படித்தான்.

சிற்பி பொதுவாக யாரிடமும் மல்லுக்கு நிற்கிற ரகம் இல்லை. மீசை கேட்டால் மீசை வைப்பார். வழுக்கைக்கு முடி கேட்டாலும் முகம் சுளிக்காமல் வைத்துக் கொடுப்பார். ஒரு மாமனாருக்கு மருமகள் கேட்டாள் என்று முறைப்பைக் குறைத்துக் கொடுத்ததும் உண்டு.

"வேற எதைச் சொன்னாலும் மாத்தித் தர்றேங்க. அதை மட்டும் கேக்காதீங்க."

"வீட்டுல வச்சுத் தினம் பாக்கப் போறது நீங்களா, நானா?"

சிற்பி மேசையில் உதிர்ந்து கிடந்த மண்ணை வழித்தெடுத்தார். நாளையிலிருந்து காயவிட்டுச் சூளையில் வைக்க வேண்டும். சுட்டபிறகு ஒரு இழைகூட மாற்ற முடியாது. அந்த அம்மாள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால், தலை மறுபடியும் தொட்டித் தண்ணீரில் கரைந்து சேறாகிவிடும். எத்தனையோ வேலைகளைக் கரைத்தவர்தான். இதைக் கரைக்க மட்டும் அவருக்கு மனம் வராது.

கூட வந்த மகள் கைப்பேசியை நீட்டியபடி தலையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அம்மா, மூக்கைப் பாரேன். குறட்டை விடுற மூக்கு அப்படியே இருக்கு."

"நான் வாயைப் பத்திப் பேசிட்டிருக்கேன்."

"பின்னாடி வந்து பாரும்மா. சுழிகூட ரெண்டு போட்டிருக்காங்க. அத்தைங்க இதை வச்சுத்தானே அப்பாவை ஓட்டுவாங்க?"

வாசலில் யாரோ காரை நகர்த்தச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். மகள் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அந்த அம்மாள் மெல்ல மேசையைச் சுற்றிப் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.

"நான் தந்தது முன்பக்கப் படம் ஒண்ணுதானே, மேடம்?"

"ஆமாங்க."

"இதுக்கு முன்னாடி போன பட்டறையிலெல்லாம் பக்கவாட்டுல ஒண்ணு, பின்னாடி ஒண்ணு கேட்டாங்க. அது இல்லாம மண்ணைத் தொட மாட்டேன்னுட்டாங்க. நீங்க கேக்கவே இல்ல."

சிற்பி துணியை எடுத்துத் தண்ணீரில் நனைத்தார். அது ஏற்கெனவே நனைந்துதான் இருந்தது.

"படம் வீட்டுல நிறையவே இருக்கு. வேணும்னேதான் எடுத்துட்டு வரல" என்றார் அந்த அம்மாள். குரலில் கோபம் இல்லை. "எனக்கு முன்னாடி ஒருத்தங்க இருந்தாங்க, மண் வேலை செய்றவங்கன்னு அவரே சொல்லியிருக்கார். பேரைத்தான் கடைசிவரைக்கும் வாய் திறந்து சொல்லல."

வெளியே மகள் ஹாரன் அடித்தாள்.

"சிரிப்பு இருக்கட்டும். அச்சு எடுத்து ரெண்டாச் செஞ்சிடுங்க, அக்கா."