ஓர் அங்குலச் சாய்வு

ஐந்தாவது சனிக்கிழமையாக அந்தச் சின்னக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றதும் செல்லக்கனிக்குப் பொறுமை போயிற்று.

இரண்டே பேர் உட்காரும் பழைய சீமைக் கார். துறைமுகத்தில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகையில் விற்றுவிட்டுப் போனது. முத்துக்குளிப்பு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அருமைநாயகம் சார் அதைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். ஒரே குறை, பின்னால் இடது பக்கம் ஓர் அங்குலம் இறங்கி நின்றது.

அவள் புருஷன் செந்தில்வேலும் ஒரு மாதமாகப் பார்க்கிறான். டயரில் காற்று சரி. தரை மட்டம் சரி. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்தால் இடது பக்கம்தான் குறைச்சல். இடது ஸ்பிரிங்கை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டான். அப்போதும் இறங்கியது இடது பக்கமே.

சாருக்கு அதில் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, காத்திருக்கும் லாரி டிரைவர்களுக்குக் கடைசி முத்துக்குளிப்புக் கதையைச் சொல்வார். கடற்கரை முழுக்கக் கூடாரம். ஆயிரம் ஆயிரமாகச் சிப்பி ஏலம். அவர் சம்சாரம் ஞானபாய் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு இதே காரில் வந்து, ஆசையாக ஒரு சிப்பியைத் திறந்து பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லாமல், "வெறும் சிப்பிக்கா இவ்வளவு நாத்தம்?" என்று சண்டை பிடித்தது. டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அன்றைக்கு லாரி முதலாளி சுடலைமாடனும் வந்திருந்தார். உப்பு ஏற்றும் ஆறு லாரி அவருக்கு. ஆறின் ஸ்பிரிங் வேலையும் இந்தப் பட்டறைக்கே தருவதாகப் பேச்சு. வேலை வந்தால் ஒழுகுகிற ஓலைக் கூரையை எடுத்துவிட்டு ஓடு போடலாம் என்று செல்லக்கனி கணக்குப் போட்டிருந்தாள்.

சுடலைமாடன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏலே செந்தில், இந்தப் பொம்மை வண்டியை நிமித்த ஒனக்கு அஞ்சு வாரமா? எட்டு டன் உப்பை எப்படிலே ஒன்னை நம்பி ஏத்துவேன்? காப்பி குடிச்சிட்டு வாரேன். அதுக்குள்ள என்ன குறைன்னு சொல்லு. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்."

செந்தில்வேல் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

செல்லக்கனிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இடுப்பில் பிள்ளையோடு நின்றவள் தற்செயலாகத் தன் நிழலைப் பார்த்தாள். அதுவும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. பிள்ளையை இறக்கிவிட்டால் நேராகிவிடும். எலும்பில் என்ன குறை?

ஸ்பிரிங்கை மாற்றியும் அதே பக்கம் இறங்கினால், அந்தப் பக்கம் ஏதோ பாரம் இருக்கிறது.

இடது சீட்டுக்குப் பின்னால் மடித்துக் கிடந்த காரின் துணிக் கூரையைத் தூக்கினாள். அடியில் ஓட்டை போட்ட இரண்டு கருங்கல். முத்துக்குளிக்கிறவர்கள் கயிற்றில் கோத்துக் காலை வைத்துக் கடலில் இறங்கும் கல். ஒவ்வொன்றும் இருபது கிலோ தேறும்.

தானாக வந்து உட்கார்ந்துகொள்ளுமா கல்? சார்தான் வேண்டுமென்றே வைத்திருக்கிறார். சுடலைமாடன் வரட்டும், யார் குற்றம் என்று ஊரே பார்க்கட்டும்.

"என்னளா, குறை ஆம்புட்டுச்சா?" சுடலைமாடன் வாசலுக்கு வந்துவிட்டார்.

செல்லக்கனி வாயைத் திறந்தாள். பெஞ்சில் கதை பாதியில் நின்றிருந்தது. சார் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், சட்டாம்பிள்ளையிடம் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி. காலையில் காப்பி கொடுத்தபோது அவர் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. "ஞானபாய் போய்ச் சேந்தப்புறம் வீட்டுல பேச்சுக்கு ஆள் இல்ல தாயி. போன சனிக்கிழமைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் வாயைத் திறக்கேன்."

துணியை இழுத்துக் கல்லை மூடினாள்.

"இல்ல அண்ணாச்சி. எங்களுக்குப் பிடிபடல."

சுடலைமாடன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சார் தொண்டையைச் செருமினார்.

"அப்ப அடுத்த வாரமும் வரணுமோ?"

"வரத்தான் வேணும் சார்" என்றாள்.

சாயங்காலம் பட்டறையைச் சாத்தும்போது புருஷனிடம் பயந்து பயந்து விஷயத்தைச் சொன்னாள். ஆறு லாரி போனது தன்னால்தான் என்றும் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நீயும் பாத்துட்டியா?"

"நீங்களுமா? ஏங்க, அப்ப ஸ்பிரிங்கை மாத்தி மாத்திப் போட்டது எதுக்கு?"

"சார் பாத்துக்கிட்டு இருக்காருல்லா, எதையாவது கழட்டணும்லா. சும்மா வந்து உக்காருங்கன்னா வர மாட்டேங்காரு" என்றவன் சிரித்தான். "மொத வாரம் ஒரு கல்லுதான் இருந்துச்சு, ஏளா. தெரியாத்தனமா அதை நடுவுல தள்ளி வச்சு, சரியாப் போச்சு சார்னுட்டேன். பாவம், இந்த வயசுல ரெண்டாவது கல்லையும் தூக்கிட்டு வந்துட்டாரு."