கலைப்போமா, கலாய்ப்போமா?

"காது மந்தம்னு கோர்ட்ல சொன்னீங்களாமே! பேப்பர்லயே வந்திருச்சு. தெருவே சிரிக்குதுங்க!"

மனைவி பொரிந்து தள்ளினாள். அவர் பாட்டுக்கு டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அவர் போலீஸ் சுருக்கெழுத்தர். இருபத்தெட்டு வருஷமாக எந்தக் கூட்டத்திலும் ஒரு சொல் விடாமல் எழுதியவர். அந்தப் பெருமையில்தான் அவள் இத்தனை நாள் தலை நிமிர்ந்து நடந்தாள்.

வழக்கு ஒரு நர்ஸ் மேல். மருத்துவமனை வாசலில் நடந்த கூட்டத்தில், 'இந்த ஆட்சியைக் கலைப்போம்' என்று பேசினாளாம். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே தள்ளிவிட்டார்கள். ஆறு மாதமாக ஜாமீன் கிடையாது.

அவள் வக்கீலோ, "'கலாய்ப்போம்' என்றுதான் பேசினாள்" என்று ஒரு போடு போட்டார். சுருக்கெழுத்தில் இரண்டுக்கும் ஒரே கோடுதான். உயர் நீதிமன்றம் எழுதியவரையே கூப்பிட்டுக் கேட்டது.

"காது கொஞ்சம் மந்தம், ஐயா. எதுன்னு உறுதியாச் சொல்ல முடியலை."

நேற்று தீர்ப்பு. 'நாலு பேர் கலாய்த்தால் நாடு கவிழ்ந்துவிடாது. பாதுகாப்புச் சட்டம் வாய்க்குப் போடும் பூட்டல்ல.' நர்ஸுக்கு விடுதலை. இவருக்கு ரெக்கார்டு ரூமுக்கு மாற்றல்.

"ஒரே ஒரு சொல்லை ஒழுங்காக் காதுல வாங்கியிருந்தா இந்தக் கதி வருமா?"

"என்னது?" என்றார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வாசலில் அழைப்பு மணி. கையில் ஒரு டப்பாவோடு அந்த நர்ஸே நின்றாள்.

"அண்ணே! காது மெஷின்! எங்க டாக்டர்கிட்ட சொல்லி வாங்கிட்டு வந்தேன்!" மூன்று வீடு தாண்டிக் கேட்கும்படி கத்தினாள்.

அவரும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டார்.

டீ போட எழுந்த மனைவியின் பின்னாலேயே நர்ஸும் அடுப்படிக்குள் வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, கண் கலங்கக் குசுகுசுத்தாள்.

"அக்கா, மனசு உறுத்துது. மூணு நாளா வார்டுல தண்ணி இல்லை. பிள்ளை பெத்தவளைத் துடைச்சு விடக்கூட வழியில்லை. அந்த ஆத்திரத்துல நான் 'கலைப்போம்'னுதான் பேசினேன். அண்ணன் காதுல மட்டும் அது சரியா விழுந்திருந்தா..."

கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"மெதுவாப் பேசும்மா. அப்பீலுக்கு இன்னும் நாள் இருக்கு!"